மூட்டைக்கு ஒரு ஆள்

காலை நடைக் கூட்டத்தார் எல்லாருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த மாதம் மலையேறப் போகிறோம் என்று முடிவு செய்தது நீங்கள், தலையாட்டியது நான். அது கிடக்கட்டும். நம்மைக் கூட்டிப் போகிற பையன் நேற்று பூங்காவில் உட்கார வைத்து, முதுகுப் பையின் கனத்தைக் குறைப்பது எப்படி என்று பாடம் எடுத்தான் அல்லவா? பல் தேய்க்கிற பிரஷ்ஷின் காம்பை ஒடித்துவிட்டுக் கொண்டு வரச் சொன்னான். ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம் என்றான். நம் ரிட்டயர்டு தாசில்தார், "பல்லே செட்டுதானே தம்பி, அதையும் வீட்டுல வச்சிரட்டுமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். நான் பாதிதான் சிரித்தேன், மீதிச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் மூட்டு வலியா என்று கேட்டார். வலிதான், ஆனால் மூட்டில் இல்லை.

அந்தப் பையன் சொன்ன பாடம் எனக்குப் புதிதில்லை. சின்ன வயதிலேயே கீழப்பாவூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் படித்துவிட்டேன். சொல்லிக் கொடுத்தவர் என் அப்பா. அப்பாவும் இப்போது இல்லை, அந்தப் பாடத்தில் நான் யாரை நினைத்துக்கொண்டிருந்தேனோ அந்த அத்தையும் இல்லை. ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது என்று எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், சொல்ல ஆசையாக இருக்கிறது. குளிக்கப் போகிற மாதிரியா போனோம்? குடி பெயர்கிற மாதிரி அல்லவா போனோம்! மண்ணெண்ணெய் ஸ்டவ், வெண்கலப் பானை, ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு, ஜமக்காளம், நல்லெண்ணெய்ப் போத்தல், சீயக்காய்ப்பொடி டப்பா, ஆளுக்கு இரண்டு செட்டுத் துணி. அம்மா அரிவாள்மணையைக்கூட விட மாட்டாள். அருவிக்கரையில் என்னத்தை அரியப் போகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. பாவூர்சத்திரத்தில் ஒரு பஸ், தென்காசியில் ஒரு பஸ். இரண்டிலும் கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இத்தனை மூட்டையை வைத்துக்கொண்டு அருவிக்குள் நுழைய முடியுமா? ஒருத்தர் கரையில் இருந்தாக வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஆள் இருந்திருக்கும். சித்தியோ, பெரியம்மையோ, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது அத்தை.

அத்தை என்றால் அப்பாவுக்கு மூத்தவள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல், நான் பிறப்பதற்கு முன்னாலேயே தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். ஆள் நல்ல உயரம், தொண்டை அதைவிட உயரம். தொழுவத்தில் நின்று கூப்பிட்டால் பெருமாள் கோவில் வரைக்கும் கேட்கும். பேரருவிக்குப் பக்கத்துப் படியில், எந்த நேரத்தில் எந்த இடத்தில் சாரல் அடிக்காது என்பது அவளுக்கு அத்துப்படி. அங்கே ஜமக்காளத்தை விரித்து, சுற்றிலும் மூட்டையை அடுக்கி, நடுவில் அம்மன் மாதிரி உட்கார்ந்துகொள்வாள். நாங்கள் கழற்றிக் கொடுக்கிற கம்மல், மூக்குத்தி எல்லாம் அவள் முந்தியில் முடிச்சாக ஏறும். குரங்கு ஒன்று கிட்டே வர வேண்டுமே! "வா லே, வந்து பாரு" என்று ஒரு அதட்டல். குரங்கு வந்த வழியே போய்விடும். இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவர்களும் தங்கள் பையை அத்தையிடம் வைத்துவிட்டுப் போவார்கள்.

குளித்து நடுங்கிக்கொண்டு வருவேன். அத்தை என்னை மடிக்குள் இழுத்துத் துவட்டுவாள். துவட்டிய துண்டைப் பிழியும்போது, வடிகிற தண்ணீரில் கொஞ்சத்தை உள்ளங்கையில் பிடித்துத் தன் உச்சந்தலையில் தேய்த்துக்கொள்வாள். அவ்வளவுதான் அவள் குற்றாலக் குளியல். ஒவ்வொரு சீசனுக்கும் குற்றாலம் வந்தவள், ஒரு தடவைகூட அந்த அருவியில் நனைந்ததில்லை. எல்லாரும் குளித்து முடித்ததும் பசி என்பார்கள், சோறு போட வேண்டும். சோறு முடிந்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

"நீங்க எப்ப அத்த குளிப்பீங்க?" என்று ஒரு வருஷம் கேட்டேன்.

"அருவி எங்கன போயிரப் போவுது? அடுத்த தடவ பாத்துக்கிடுவோம்" என்றாள். சொல்லிவிட்டு அருவியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தையை எப்படியாவது அருவிக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று அன்றைக்கு மனசில் விழுந்தது. சாமி கும்பிடும்போதெல்லாம் அதையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

அடுத்த சாரல் சமயத்தில் அப்பா லீவில் வந்தார். அப்பாவுக்குப் பட்டாளத்தில் வேலை. பச்சை கேன்வாஸில் முதுகில் மாட்டுகிற பை ஒன்று வைத்திருந்தார், அதைப் பிட்டு என்பார். நமக்குப் பிட்டு என்றால் தேங்காய்ப்பூ போட்டு அவிப்பதுதானே? அண்ணன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பிட்டு ஊசிப்போச்சு என்றான். அப்பா சிரிக்கவில்லை. இந்த வருஷம் பேரருவியோடு நிற்கப் போவதில்லை, மலையேறிச் செண்பகாதேவிக்குப் போகப் போகிறோம், சட்டி பானைக்கு அங்கே வேலை இல்லை, ஆளுக்கு ஒரு பை, அதுவும் முதுகில், கை இரண்டும் சும்மா இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

பைக்குக் காக்கித் துணி வாங்கி வந்தார். தைத்தது அத்தை. தோளில் மாட்டுகிற வாருக்கு, பழைய கட்டிலில் இருந்து உருவிய நாடாவை மடித்து மடித்துத் தைத்தாள். அப்பா எங்கள் தோளை முழம் போட்டு அளந்து சொன்னார். அம்மா, அண்ணன், நான். அப்பாவுக்குத்தான் பிட்டு இருந்ததே. அத்தை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். இரண்டு நாள் அவள் மடி முழுக்கக் காக்கித் துணியாகக் கிடந்தது.

பிறகுதான் நிறுவை. பாவூர்சத்திரம் சந்தையில் காய் மூட்டை நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்றை, தெரிந்த கடையில் கேட்டு வாங்கி வந்து முற்றத்து வேம்பில் கட்டினார். ஒவ்வொரு பையாகத் தொங்கவிட்டு, முள்ளைப் பார்த்து, "இன்னும் எடு" என்பார். அண்ணனின் பம்பரமும் கோலிக்காயும் போயின. சோப்பைக் கத்தியால் நாலாக அறுத்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். வீட்டுக்கே ஒரு சீப்பு. என் பாவாடை கரை வைத்தது என்பதால் கனமாம், அதுவும் வெளியே வந்தது. அம்மா பாடு பெரும்பாடு. அரிவாள்மணையை அவளே விட்டுக்கொடுத்தாள், புளிச்சோறும் போனது. அதற்குப் பதில் அவலும் கருப்பட்டியும் என்றதும், "நான் என்ன குதிரையா?" என்று கேட்டுவிட்டாள். சேலைக்குள் சுருட்டி ஒரு ஊறுகாய்ப் போத்தலை ஒளித்தாள். தராசு காட்டிக் கொடுத்துவிட்டது.

அம்மாவும் அண்ணனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் கேட்பதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டேன். எனக்கு உள்ளே ஒரே கொண்டாட்டம். நீங்களே சொல்லுங்கள், மூட்டை இல்லையென்றால் மூட்டைக்குக் காவல் எதற்கு? காவல் இல்லையென்றால் அத்தையும் எங்களோடு அருவிக்குள் வந்துவிட வேண்டியதுதானே? இதை நான் அத்தையின் காதில் சொன்னேன். "போடி கோட்டிக்காரி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது, அருவித் தண்ணி தலையில் விழுந்தால் வலிக்குமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். கல்லு மாதிரி விழும் அத்த, ஆனா வலிக்காது என்று சொன்னேன்.

புறப்படுகிற காலையில் நாங்கள் நாலு பேரும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றோம். அப்பா வாரை இழுத்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அத்தை உள்ளேயிருந்து வந்தாள். தலை வழித்துச் சீவி, சேலையை உயர்த்திச் சொருகியிருந்தாள். முதுகில் ஒரு பை. வெட்டிக் கழித்த காக்கித் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தனக்கும் ஒன்று தைத்திருக்கிறாள். எங்கள் பையைவிடச் சின்னது, ஒரு சேலையும் ஒரு துண்டும் கொள்ளும்.

அப்பா அவளைப் பார்த்தார், பையையும் பார்த்தார்.

"நீ எதுக்குக்கா? இந்தத் தடவதான் மூட்டையே கெடயாதே. இத்தன வருசம் காவல் காத்தது போதும், நிம்மதியா வீட்டுல இரு."

அப்பாவின் முகத்தில் அத்தனை பிரியம். அக்காளுக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தி. மதினியும் வரட்டுமே என்று அம்மா இழுத்தாள். வயசான காலத்தில் அவளை மலையேற வைக்கச் சொல்கிறாயா என்று அப்பா அதட்டினார். வயசான காலமாம்! அத்தைக்கு அப்போது நாற்பத்தைந்து இருந்தால் அதிகம். நமக்கு இப்போது என்ன வயது? பிரஷ்ஷை ஒடித்துக்கொண்டு மலையேறப் போகிறோம், கேட்பார் இல்லை.

அத்தை பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்கிறவள். அன்றைக்கு, "சரி தம்பி, பாத்துப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். வாரில் இருந்து ஒரு கையை உருவினாள், இன்னொரு கையை உருவினாள். நான் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, அத்தை வராவிட்டால் நானும் வரவில்லை என்று அழுதேன். அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தெரு திரும்பும் வரை அவள் வாசலில் நிற்பது தெரிந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். பை கனக்கவே இல்லை. சிற்றருவியைத் தாண்டி மேலே போகப் போக, கல்லும் வேரும் வழுக்க, ஒருத்தருக்கும் தோள் வலிக்கவில்லை. மரத்தில் இருந்து சொட்டுகிற தண்ணீர், பாசி வாசனை, எங்கோ கீழே ஆற்றுச் சத்தம். கையை வீசிக்கொண்டு அம்மா சின்னப் பெண் மாதிரி முன்னால் நடந்தாள், அவள் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் கணக்கில் தப்பில்லை. ஆனால் நான் அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். நல்ல காட்சி எதைப் பார்த்தாலும், இதை அத்தை பார்க்கவில்லையே என்றுதான் நினைத்தேன். இந்த வயதிலும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை. நல்லதாக எதையாவது பார்த்துவிட்டால் அவளைத் தேடுகிறேன்.

செண்பகாதேவியில் பைகளைப் பாறைமேல் வைத்துவிட்டுக் குளித்தோம். இங்கே திருட யார் இருக்கிறார்கள் என்று அப்பா சொல்லி வாய் மூடவில்லை, குரங்குக் கூட்டம் இறங்கிவிட்டது. அவல் போனது, கருப்பட்டி போனது. பெரிய கடுவன் ஒன்று அம்மாவின் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு மரத்தில் ஏறியது. அப்பா கீழே நின்று இந்தியில் ஏதேதோ ஆணை போட்டார். குரங்குக்கு இந்தி தெரியவில்லை. அம்மாவின் மாற்றுச் சேலை கிளை கிளையாக மேலே போய்க்கொண்டே இருந்தது.

அம்மா நனைந்த சேலையோடு நின்றாள். சாரல் காற்றில் உதடு நீலமாகிவிட்டது. "மதினி இருந்தா ஒரு குரங்கு கிட்ட வருமா?" என்றாள். அப்பா தன் பையில் இருந்த வேட்டியை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். அப்படியே இறங்கினோம். எங்களுக்குப் பசி வேறு.

பேரருவிக்கு வந்து சேரும்போது பிற்பகல் சாய்ந்துவிட்டது. நல்ல கூட்டம். அண்ணன்தான் முதலில் பார்த்தான். "அங்கன பாருங்க, அத்த!"

சாரல் அடிக்காத அதே படியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் மூட்டை. எங்கள் மூட்டை இல்லை. யார் யாரோடதோ வயர் கூடை, சூட்கேஸ், செருப்புக் குவியல், ஒரு சின்னக் குழந்தையின் நடைவண்டிகூட. ஒட்டுப் போட்ட அந்தக் காக்கிப் பை அவள் மடியில் இருந்தது. தலையில் போட்ட எண்ணெய் அப்படியே மினுமினுத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

அப்பாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டைப் போட்டுவிட்டா வந்தாய், மாட்டை யார் பார்ப்பது என்றார். மாட்டுக்கு வைக்கோல் போட்டாயிற்று, சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அப்பா குரலை இறக்கிக் கேட்டார்.

"இங்கன என்னக்கா செய்யுத?"

"குளிக்க வந்தேன் தம்பி."

"குளிச்சியா?"

"இல்ல. இந்தப் பிள்ளைக சாமானக் கொஞ்சம் பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போயிருக்கு. வந்துரட்டும்."

அத்தை சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அருவியைப் பார்த்தாள். நான் போன வருஷம் பார்த்த அதே பார்வை. அதை இப்போது அப்பாவும் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது, திட்டப் போகிறாரோ என்று. அவர் பையைக் கழற்றி வைத்துவிட்டு அத்தைக்குப் பக்கத்தில் அந்தப் படியில் உட்கார்ந்தார்.

"எந்திரிக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

"ஒனக்கு எது யாருதுன்னு தெரியாதே."

"சொல்லு. தெரிஞ்சுக்கிடுதேன்."

அத்தை சொன்னாள். சூட்கேஸ் விருதுநகர்க்காரர்களுடையது, அதில் கர்ப்பிணிப் பெண்ணின் மருந்து இருக்கிறது, சாய்க்கக் கூடாது. வயர் கூடையில் குழந்தைக்குப் பால் இருக்கிறது, வெயில் படாமல் வைக்க வேண்டும். செருப்பெல்லாம் சந்நிதித் தெருவில் மங்குஸ்தான் விற்கிறவளுடைய சொந்தக்காரர்களது. பட்டாளத்துக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அத்தை முந்தி முடிச்சை அவிழ்த்து, யாருடையதோ ஒரு ஜோடிக் கம்மலை அவர் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினாள்.

பெண்கள் பக்கத்துக்கு நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். தண்ணீர்ச் சத்தம் நெருங்க நெருங்க அவள் என் கையை இறுக்கினாள். வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது. அந்த இறுக்கத்துக்கு இப்போது எங்கே போவேன்? கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் காலை நனைத்தாள், பிறகு தோளை. பிறகு என்ன நினைத்தாளோ, என் கையை விட்டுவிட்டு ஒரே எட்டில் அருவிக்கு நேர் கீழே போய் நின்றுவிட்டாள். வாயைத் திறந்து ஏதோ கத்தினாள். பெருமாள் கோவில் வரைக்கும் கேட்கிற தொண்டை, பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. அவள் சிரிக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

எனக்குக் குளிர் தாங்கவில்லை. அவளை விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன். விருதுநகர்க்காரர்கள் வந்து சூட்கேஸை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். கூடை போய்விட்டது, செருப்பும் போய்விட்டது, கம்மல்காரியும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். படியில் அடுத்தவர் சாமான் ஒன்று இல்லை. அப்பா மட்டும் அதே இடத்தில், காற்று திரும்பி அடித்த சாரலில் உட்கார்ந்திருந்தார்.

தென்காசி பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அதை விட்டால் கீழப்பாவூர் போய்ச் சேர இருட்டிவிடும், மதினியைக் கூப்பிட்டு வரச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொன்னாள் அம்மா. நேரம் தவறுவதென்றால் அப்பாவுக்கு ஆகவே ஆகாது. கண்டக்டர் இரண்டு தரம் விசில் ஊதினார். பஸ்ஸை நிறுத்தி வைக்க அண்ணன் ஓடுவதற்குத் தயாராக நின்றான்.

"போனா போட்டும்" என்றார் அப்பா. "அவ குளிக்கட்டும்."

பஸ் போய்விட்டது. நாங்களும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அத்தை அருவியை விட்டு வருகிற மாதிரித் தெரியவில்லை.